ஆங்கிலத் தொடரில் எந்தச் சொல் முன்னே வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குச் செல்பவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் கை தூக்காதவர்களும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்பார்கள். அவற்றில் பாதிக்கு மேல் சொற்களின் வரிசையைப் பற்றியவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தொகுத்து, நின்றபடி சொல்ல முடியாமல் போன பதில்களை இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.

"கிராமர்ல தப்பில்ல, ஆனா படிக்க இடிக்குதுன்னு மேனேஜர் சொல்றார். தப்பே இல்லாத வாக்கியம் எப்படிங்க இடிக்கும்?"

இடிக்கும். ஆட்டுக்குட்டி, மாட்டுக்கன்று, கோழிக்குஞ்சு என்று சொல்லிப் பழகிய நம் காதில் 'கோழிக்கன்று' என்ற சொல் விழுந்தால் பொருள் புரிந்துவிடும்; ஆனாலும் முகம் சுளிப்போம். எந்தப் பொருளை எந்தச் சொல்லால் பெரியோர் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்வதுதான் மரபு என்கிறது நன்னூல். ஏழு வகை வழுக்களுள் மரபு வழுவையும் ஒன்றாக அது வைத்திருக்கிறது. ஆங்கிலச் சொல்வரிசையில் பெரும்பகுதி இந்த மரபைச் சேர்ந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. அதனால் 'ஏன் தவறு' என்று அவர்களிடம் கேட்டால், 'அப்படிச் சொல்ல மாட்டோம்' என்பதைத் தாண்டிப் பதில் கிடைப்பது அரிது.

ஆங்கிலத்தில் வரிசைக்கு இத்தனை முக்கியத்துவம் ஏற்பட்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 'நாய் கண்ணனைக் கடித்தது', 'கண்ணனை நாய் கடித்தது' என்று எப்படி மாற்றிச் சொன்னாலும், கடிபட்டவன் யார் என்பதை 'ஐ' உருபு காட்டிக்கொடுத்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய உருபுகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை தேய்ந்து, பெரும்பாலும் மறைந்துபோயின. உருபு செய்த வேலையைச் சொல் நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. ஆகவே இடம் மாறினால் பொருளே மாறும், அல்லது கேட்பவரின் காது இடறும்.

"ஒரு பொருளைப் பத்தி நாலு அட்ஜெக்டிவ் சொல்லணும்னா எதை முதல்ல போடணும்?"

என் மாணவர் ஒருவர் வீட்டிலிருந்த பழைய பீரோவை விற்பதற்காக இப்படி எழுதிக்கொண்டு வந்தார்: 'டீக் ஓல்டு பிரௌன் பிக் பியூட்டிஃபுல் கப்போர்டு'. அதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அனைத்தும் இருந்தது. வரிசையை மட்டும் மாற்றினோம்: 'பியூட்டிஃபுல் பிக் ஓல்டு பிரௌன் டீக் கப்போர்டு'. இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த அவரே, இரண்டாவது வழுக்கிக்கொண்டு போகிறது என்றார்.

சொல்பவரின் அபிப்பிராயம் முதலில் வரும். அதன் பின் அளவு, வயது, வடிவம், நிறம், பிறந்த இடம், செய்த பொருள், பயன்படும் வேலை என்று அந்தப் பொருளை நெருங்கிக்கொண்டே போக வேண்டும். எண் இருந்தால் அது அனைத்துக்கும் முன்னே நிற்கும். வயதுக்கு முன் வடிவமா, வடிவத்துக்கு முன் வயதா என்பதில் பாடநூல்களே ஒத்துப்போவதில்லை. ஆகவே அந்த இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அபிப்பிராயம் இரண்டு இருந்தால் பொதுவானது முன்னும் குறிப்பானது பின்னும் வரும்: 'நைஸ் டேஸ்டி சூப்'.

"இத்தனையையும் மனப்பாடம் பண்ணணுமா சார்?"

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இதில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 'அழகான பெரிய பழைய தேக்கு பீரோ' என்றுதான் தமிழிலும் சொல்வீர்கள். 'தேக்குப் பழைய பெரிய அழகான பீரோ' என்று உங்கள் வாயில் வராது. மரக்கதவு, பித்தளைச் செம்பு, பட்டுப்புடவை என்று செய்பொருளைப் பெயரோடு தொகையாகவே ஒட்டிவிடுகிறோம். நிறம் அதற்கு முன்னே வந்து 'சிவப்புப் பட்டுப்புடவை' ஆகிறது. 'நல்ல', 'அழகான' போன்றவை புடவையில் இருப்பவை அல்ல, பார்ப்பவரின் மனத்தில் இருப்பவை. அவை தள்ளி நிற்கின்றன. பொருளின் இயல்போடு நெருங்கியது பெயருக்கு நெருங்கி நிற்கும் என்ற இந்த ஏற்பாடு இரண்டு மொழிகளிலும் ஒன்றுதான். பெயரடையைப் பெயருக்குப் பின்னே வைக்கும் பிரெஞ்சு மொழிக்காரர்கள் படும் சிரமம் நமக்கு இங்கே இல்லை.

ஆகவே ஐயம் வந்தால் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். எண் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 'பெரிய இரண்டு அண்டா' என்றும் 'அண்டா இரண்டு' என்றும் நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'டூ பிக்' என்றுதான் தொடங்க வேண்டும். தமிழ்க் காது கைகொடுக்கும் இடம் எது, காலை வாரிவிடும் இடம் எது என்று பிரித்தறிந்தால் போதும். இரண்டாம் வகைதான் படிக்க வேண்டியது. இனி வரும் கேள்விகளில் பல அதைச் சேர்ந்தவை.

"அட்ஜெக்டிவ்களுக்கு நடுவுல கமா எப்போ? 'அண்ட்' எப்போ?"

இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் இயல்பாக இருந்தால் கமா போடலாம்: 'பொலைட், ஹெல்ப்ஃபுல் கிளார்க்' என்பதைத் திருப்பிச் சொன்னாலும் குறையில்லை, இரண்டும் ஒரே வகை, சம தகுதி உடையவை. 'பிக் ரெட் பஸ்' என்பதைத் திருப்ப முடியாது, ஆகவே கமா கிடையாது. இரண்டு நிறங்கள் வந்தால் 'ரெட் அண்ட் கிரீன் சாரி' என்று 'அண்ட்' சேர்க்க வேண்டும். பெயருக்கு முன்னே வராமல் வாக்கியத்தின் இறுதியில் பயனிலையாக வந்தால், 'த ரூம் இஸ் ஸ்மால், டார்க் அண்ட் கோல்டு' என்பதுபோலக் கடைசிச் சொல்லுக்கு முன் 'அண்ட்' தேவை.

"பிள்ளைங்க கதைல 'பிக் பேட் வுல்ஃப்' வருதே! அபிப்பிராயம்தானே முதல்ல வரணும்னீங்க?"

நல்ல கேள்வி. 'பேட்' என்பது அபிப்பிராயம், 'பிக்' என்பது அளவு. மேலே சொன்ன வரிசைப்படி 'பேட் பிக் வுல்ஃப்' என்றிருக்க வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். 'பேட் வுல்ஃப்' என்பது கதைகளில் வரும் ஒரு பாத்திர வகையாகவே உறைந்துவிட்டதால் 'பேட்' அங்கே பெயரின் பகுதியாகிவிட்டது என்பது ஒன்று. 'இ' ஒலிக்குப் பின் 'ஆ' ஒலி என்ற ஓசை மரபு பொருள் வரிசையை வென்றுவிட்டது என்பது மற்றொன்று. அந்த மரபை அடுத்த பதிலில் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று நான் எண்ணுகிறேன்.

முதல் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் உதவும். 'கிரீன் டீ' என்பது ஒரு சரக்கின் பெயர். ஆகவே அது சீனாவிலிருந்து வந்தால் 'சைனீஸ் கிரீன் டீ' ஆகும். நிறத்துக்கு முன்னே ஊர் வந்துவிட்டது. பச்சை நிறச் சீனத் தேநீர்க் குடுவையோ 'கிரீன் சைனீஸ் டீபாட்'. பலசரக்குக் கடையில் 'நாட்டுப் பச்சைப்பயறு' என்று கேட்கிறோம் அல்லவா, அதே காரணம்தான்.

"கடிகாரம் 'டிக் டாக்'னுதான் அடிக்குமா? 'டாக் டிக்'னு ஏன் யாரும் சொல்றதில்ல?"

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை உயிரெழுத்தை மட்டும் மாற்றி இரட்டித்தால், முதலில் 'இ' வரும், பிறகு 'ஆ' அல்லது 'ஓ' வகை ஒலி வரும். ஜிக்ஜாக், பிங் பாங், சிட் சாட், ஃபிளிப் ஃபிளாப், டிங் டாங் ஆகிய அனைத்தும் இப்படியே. ஒன்பது கட்டம் போட்டுப் பிள்ளைகள் விளையாடும் 'டிக் டாக் டோ' மூன்று படியும் வரிசையாக இறங்குகிறது. 'இ' சொல்லும்போது நாக்கின் முன்பகுதி மேலே எழுந்து வாய் குறுகும். 'ஆ', 'ஓ' சொல்லும்போது நாக்கு தாழ்ந்தோ பின்வாங்கியோ போகும். குறுகலில் தொடங்கி அகலத்தில் முடிவது ஆங்கிலக் காதுக்கு நிறைவாக இருக்கிறது.

தமிழ்க் காது காலை வாரிவிடும் முதல் இடம் இது. நம் இரட்டைக்கிளவியில் 'கடகட', 'சலசல', 'திருதிரு' என்று ஒலி மாறுவதே இல்லை. மாறும் இடத்திலோ 'காபி கீபி', 'பணம் கிணம்', 'வேலை கீலை' என்று 'கி', 'கீ' இரண்டாவதாக வருகிறது. ஆங்கிலத்துக்கு நேர் எதிர். ஆகவே இந்த வகைச் சொற்களில் தமிழை நம்பாமல் 'இ முதலில்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"'சால்ட் அண்ட் பெப்பர்', 'பிரெட் அண்ட் பட்டர்' எல்லாம் ஏன் அந்த வரிசையில மட்டும் வருது?"

இத்தகைய இணைகளை 1959இல் யாக்கோவ் மல்கீல் என்ற மொழியியலாளர் ஆராய்ந்து, திருப்ப இயலாத இணைகள் என்று பெயரிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே விதி இல்லை. பல விதிகள் போட்டியிடுகின்றன. அவற்றுள் எளிதில் கண்ணில் படுவது, குட்டையான சொல் முன்னும் நெட்டையான சொல் பின்னும் என்பது. 'சால்ட்' ஓரசை, 'பெப்பர்' ஈரசை. 'டாம், டிக் அண்ட் ஹாரி', 'ஹுக், லைன் அண்ட் சிங்கர்' ஆகியவற்றிலும் இரண்டு குட்டைச் சொற்களுக்குப் பின்னர்தான் நெட்டைச் சொல். ஓட்டோ பெஹாகெல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1909இல் இதை வளரும் உறுப்புகளின் விதி என்றார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாணினி, வடமொழி உம்மைத்தொகையில் குறைந்த உயிரொலிகளை உடைய சொல் முன்வரும் என்று சூத்திரம் செய்துவிட்டார். அதன்மேல் எழுந்த வார்த்திகங்கள் என்னும் விளக்கக் குறிப்புகள், மதிப்புக்குரியது முன்வரும், தமையன் பெயர் தம்பி பெயருக்கு முன்வரும் என்று சேர்த்துக்கொண்டன.

தமிழில் தேடினால் இந்த விதி எங்கும் கிடைக்கிறது. முக்கனியை மா, பலா, வாழை என்று அடுக்குகிறோம். முத்தமிழ் இயல், இசை, நாடகம். மூவேந்தர் சேர, சோழ, பாண்டியர். சமையலறையில் உப்பு, புளி, மிளகாய். ஒவ்வொன்றிலும் நெட்டைச் சொல் முன்னே வருவதில்லை. 'வாழை பலா மா' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், காது மறுப்பதை உணர்வீர்கள். ஆங்கிலேயர் 'பெப்பர் அண்ட் சால்ட்' கேட்டு உணர்வதும் அதுவே. ஆயினும் உறைந்த இணையும் காலத்தால் இளகும். கறுப்பும் வெள்ளையும் கலந்து நெய்த துணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'பெப்பர் அண்ட் சால்ட்' என்று சொல்வது வழக்கில் இருந்தது.

பொருள் சார்ந்த விதி குறுக்கிட்டால் நீளம் தோற்கும். முதன்மையான உணவு முன்னே, தொட்டுக்கொள்வது பின்னே என்பது அத்தகைய விதி. 'ஸ்ட்ராபெரீஸ் அண்ட் கிரீம்', 'மேக்கரோனி அண்ட் சீஸ்' ஆகியவற்றில் நெட்டைச் சொல் முன்னே நிற்பது அதனால்தான். 'இட்லி சாம்பார்', 'பரோட்டா சால்னா', 'இடியாப்பம் தேங்காய்ப்பால்' என்று நாமும் அப்படியே சொல்கிறோம். இலங்கை ஆங்கிலத்தில் 'ரைஸ் அண்ட் கறி' என்பதும் அதே வகை.

"'அங்கும் இங்கும்'னு சொல்ல 'தேர் அண்ட் ஹியர்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஏன்?"

சிரித்திருக்க வேண்டியதில்லை, நீங்கள் தமிழ் மரபைச் சரியாகப் பின்பற்றியிருக்கிறீர்கள். தமிழ் தொலைவைப் பெரும்பாலும் முன்னே வைக்கும்: அங்கும் இங்கும், அது இது, அவன் இவன். ஆங்கிலம் அண்மையை முன்னே வைக்கும்: 'ஹியர் அண்ட் தேர்', 'திஸ் அண்ட் தட்', 'நௌ அண்ட் தென்'. வில்லியம் கூப்பர், ஜான் ராபர்ட் ராஸ் என்ற இருவர் 1975இல் இதை விரிவாக ஆராய்ந்து, பேசுபவரின் இடத்துக்கும் காலத்துக்கும் நெருங்கியது முன்வரும் என்றனர். 'நான் முதலில்' என்று அந்தப் போக்குக்குப் பெயரும் இட்டனர். 'திஸ் அண்ட் தட்' என்பதில் முன் பதிலில் சொன்ன 'இ'க்குப் பின் 'ஆ' என்ற ஓசை மரபும் சேர்ந்துகொள்கிறது.

திரும்பி நிற்கும் இணைகள் வேறும் உண்டு. நாம் 'மறப்போம், மன்னிப்போம்' என்போம், அவர்கள் 'ஃபர்கிவ் அண்ட் ஃபர்கெட்' என்று மன்னிப்பை முன்வைப்பார்கள். நமக்கு 'ஏழை பணக்காரன்', அவர்களுக்கு 'ரிச் அண்ட் புவர்'. நம் 'போக்குவரத்'தில் போக்கு முன்னே. அவர்களின் 'கமிங் அண்ட் கோயிங்'கில் வரவு முன்னே. இவற்றை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பட்டியலாகாது.

"'ஐ அண்ட் மை ஃபிரெண்ட்'னு எழுதினா தப்பா? இப்பதானே 'நான் முதலில்'னு சொன்னீங்க?"

அங்கே சொன்ன 'நான்', பேசுபவர் நிற்கும் இடத்தைக் குறித்தது. தன்னையே பெயராகச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆங்கிலப் பண்பாடு தலைகீழாகி, மற்றவரை முன்னே விட்டுத் தன்னைக் கடைசியில் வைக்கிறது: 'மை ஃபிரெண்ட் அண்ட் ஐ'. நமக்கு 'நானும் என் நண்பனும்' என்பதே இயல்பு. அதில் அடக்கக் குறைவு எதுவும் தொனிப்பதில்லை. ஆங்கிலத்தில் தொனிக்கும்.

போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் இதை '2-3-1' என்ற சூத்திரமாகக் கொடுத்திருப்பார்கள்: முன்னிலை, படர்க்கை, கடைசியில் தன்மை. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது '1-2-3' என்று தன்னை முன்னிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். தேர்வுக்கு அது போதும். அன்றாட எழுத்துக்கு 'ஐ கடைசியில்' என்ற ஒன்றே போதுமானது.

"லீவ் லெட்டர்ல 'மை போத் ஹேண்ட்ஸ்'னு எழுதினதை அடிச்சுட்டாங்க. 'என் இரண்டு கைகளும்'தானே?"

'என் இரண்டு கைகளும்' என்பதில் 'என்' முதலில் வருகிறது. அதை அப்படியே கொண்டுபோய் வைத்ததால் ஏற்பட்ட பிழை. ஆங்கிலத்தில் முழுமையையோ பங்கையோ சொல்லும் 'ஆல்', 'போத்', 'ஹாஃப்', 'டபுள்' ஆகிய சொற்கள் 'மை', 'த' போன்றவற்றுக்கும் முன்னே வந்துவிடும்: 'போத் மை ஹேண்ட்ஸ்', 'ஆல் மை ஃபிரெண்ட்ஸ்', 'ஹாஃப் மை சாலரி', 'டபுள் த பிரைஸ்'. 'ஹாஃப் அன் ஹவர்' என்று ஏற்கெனவே சரியாகத்தான் சொல்லிவருகிறீர்கள். மற்றவற்றையும் அதன் அச்சில் வார்த்துக்கொள்ளுங்கள்.

வெறும் எண் இப்படி முந்தாது. 'மை டூ சன்ஸ்', 'மை த்ரீ சிஸ்டர்ஸ்' என்பவை சரியே. 'டூ'வும் 'போத்'தும் தமிழில் 'இரண்டு' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. 'இரண்டும்' என்று 'உம்' சேர்த்துச் சொல்லத் தோன்றினால் 'போத்' என்று தெரிந்துகொள்ளலாம்.

"'இனஃப்' முன்னால வருமா, பின்னால வருமா? 'சச்', 'ஸோ' என்ன வித்தியாசம்?"

பெயருக்கு முன்: 'இனஃப் மணி'. பண்புச்சொல்லுக்குப் பின்: 'குட் இனஃப்'. 'சச்' வந்தால் 'சச் எ பிக் ஹவுஸ்'. 'ஸோ' வந்தால் 'ஸோ பிக் எ ஹவுஸ்'. பின்னது ஏட்டுநடை, பேச்சில் தேவைப்படாது.

"'ஐ லைக் வெரி மச் காபி'ன்னா என்ன தப்பு? புரியுதுல்ல?"

புரியும். ஆனால் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் வேறு சொல் நுழைவதை ஆங்கிலம் விரும்புவதில்லை. முதல் பதிலில் சொன்னபடி உருபு இல்லாததால், 'லைக்' என்ற வினையை ஒட்டி நிற்பதே 'காபி'யைச் செயப்படுபொருளாக்குகிறது. ஆகவே 'ஐ லைக் காபி வெரி மச்' என்று சொல்ல வேண்டும்.

இடமும் காலமும் சேர்ந்து வரும்போது மற்றொரு பள்ளம் இருக்கிறது. தமிழ் பெரிதிலிருந்து சிறிதுக்குப் போகும்: 'நாளைக் காலை பத்து மணிக்கு', 'சென்னை மயிலாப்பூர் கச்சேரி சாலையில்'. ஆங்கிலம் சிறிதில் தொடங்கும்: பத்து மணி, பிறகு காலை, பிறகு நாள்; அதுபோலவே தெரு, பிறகு பேட்டை, பிறகு ஊர். வாக்கியத்தின் இறுதியில் எப்படி, எங்கே, எப்போது என்ற வரிசையில் அடுக்கினால் பெரும்பாலும் சரியாக வரும். நாம் 'நேற்று' என்று தொடங்கிப் பழகியவர்கள். ஆங்கிலத்திலும் 'எஸ்டர்டே'யை முதலில் வைக்கத் தடையில்லை. நடுவில் செருகுவதுதான் ஆகாது.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி' போன்றவை மட்டும் நடுவில் நிற்பவை. அவை முக்கிய வினைக்கு முன்னும் 'இஸ்', 'ஆர்' ஆகியவற்றுக்குப் பின்னும் வரும்: 'ஷி ஆல்வேஸ் கம்ஸ் லேட்', 'ஷி இஸ் ஆல்வேஸ் லேட்'.

"'டூ யு நோ வேர் இஸ் த ஸ்டேஷன்?' இது சரிதானே? கேள்விதானே கேக்கறேன்?"

தமிழர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 'ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?' என்ற கேள்வியை 'ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று தெரியுமா?' என்று மற்றொரு கேள்விக்குள் வைக்கும்போது, தமிழில் ஒரு சொல்லும் நகர்வதில்லை. ஆங்கிலத்தில் நகரும். நேராகக் கேட்டால் 'வேர் இஸ் த ஸ்டேஷன்'. உள்ளே வைத்தால் 'டூ யு நோ வேர் த ஸ்டேஷன் இஸ்'. வரிசையைப் புரட்டுவதுதான் ஆங்கிலத்தில் கேள்விக்கு அடையாளம். வெளியே 'டூ யு' என்று அந்த வேலை முடிந்துவிட்டதால் உள்ளே மறுபடியும் புரட்டத் தேவையில்லை. 'ஐ டோன்ட் நோ வாட் ஹிஸ் நேம் இஸ்' என்பதும் இவ்வாறே.

"'நௌ ஒன்லி ஐ கேம்'னு சொன்னா வெளிநாட்டுக்காரங்க முழிக்கிறாங்க. 'ஒன்லி' எங்கதான் போடறது?"

'இப்போதுதான் வந்தேன்' என்பதில் உள்ள 'தான்'ஐ நாம் 'ஒன்லி' ஆக்கிவிடுகிறோம். 'தான்' அழுத்தம் கொடுக்கும் இடைச்சொல். 'ஒன்லி'யோ 'மட்டும்' என்று எல்லை கட்டும் சொல். ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் ஜஸ்ட் கம்' என்றால் 'இப்போதுதான்' வந்துவிடும். 'அவர்தான் என் அண்ணன்' என்பதற்கு 'ஹி' என்ற சொல்லைக் குரலில் அழுத்தினால் போதும்.

'மட்டும்' என்ற பொருளில் வரும்போது இடத்தைக் கவனியுங்கள். தமிழில் 'மட்டும்' பின்னே ஒட்டும்: 'ராமு மட்டும் வடை சாப்பிட்டான்', 'ராமு வடை மட்டும் சாப்பிட்டான்'. ஆங்கிலத்தில் 'ஒன்லி' தான் தழுவும் சொல்லுக்கு முன்னே நிற்கும்: 'ஒன்லி ராமு', 'ஒன்லி த வடை'.

"'பிக் அப் இட்'னு ஏன் சொல்லக்கூடாது? 'பிக் அப் த பேக்' சரின்னா அதுவும் சரிதானே?"

'பிக் அப் த பேக்', 'பிக் த பேக் அப்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: 'பிக் இட் அப்'. ஏற்கெனவே தெரிந்த, எடையில்லாத சொல் முன்னேயும், புதிய, கனமான சொல் பின்னேயும் போக வேண்டும் என்பதே காரணம். உப்பு மிளகு பற்றிய பதிலில் வந்த பெஹாகெலின் விதி இங்கும் தலைகாட்டுகிறது. செயப்படுபொருள் ஐந்தாறு சொற்கள் நீளம் என்றால் 'அப்'புக்குப் பின்னே தள்ளிவிடுவது நல்லது.

எல்லா இரட்டை வினைகளும் பிரியமாட்டா. 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'ஆஃப்டர்' தனக்குப் பின் ஒரு பெயரைக் கேட்கும் முன்னிடைச்சொல்; ஆகவே 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே சொல்ல வேண்டும். எது பிரியும், எது பிரியாது என்பதை வினையோடு சேர்த்தே படித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"'டைரக்டர் ஜெனரல்'னு ஏன் திருப்பிப் போட்டிருக்காங்க? 'ஜெனரல் டைரக்டர்'தானே வரணும்?"

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆட்சி, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. நீதிமன்ற வாதங்களை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று 1362இல்தான் சட்டம் வந்தது. பிரெஞ்சில் பண்புச்சொல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னே வரும். பதவிப் பெயர்களும் சட்டச் சொற்களும் பல அந்த வரிசையிலேயே உறைந்துவிட்டன: அட்டார்னி ஜெனரல், நோட்டரி பப்ளிக், கோர்ட் மார்ஷியல். டிஜிபி, ஐஜி, அட்வகேட் ஜெனரல் ஆகியவற்றில் நாம் அன்றாடம் கேட்கும் 'ஜெனரல்' இந்த வழியில் வந்தது. 1948 முதல் 1950 வரை இராஜாஜி வகித்த கவர்னர் ஜெனரல் பதவியின் பெயரும் அத்தகையதே. பன்மை விகுதியை இங்கே முதல் சொல்லில் சேர்க்க வேண்டும்: 'கவர்னர்ஸ் ஜெனரல்', 'டைரக்டர்ஸ் ஜெனரல்'.

இடம் மாறினால் பொருள் மாறும் சொற்களும் சில உண்டு. 'த பிரசென்ட் மெம்பர்ஸ்' என்றால் இப்போதைய உறுப்பினர்கள். 'த மெம்பர்ஸ் பிரசென்ட்' என்றால் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள். நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். 'ரெஸ்பான்சிபிள் பீப்பிள்' பொறுப்பானவர்கள். 'த பீப்பிள் ரெஸ்பான்சிபிள்' அந்தச் செயலுக்குக் காரணமானவர்கள். இரண்டாவதைப் பாராட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

"ஆங்கிலேயர்களே சில சமயம் வரிசையை மாத்திப் பேசறாங்களே, அப்போ அது தப்பா?"

ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்போது மாற்றலாம். பீரோ விற்ற மாணவரையே எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டில் பெரிய பீரோக்கள் இரண்டு, ஒன்று பழையது, ஒன்று புதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பிக் கப்போர்டு என்ன விலை?' என்று தொலைபேசியில் ஒருவர் கேட்கிறார். எந்தப் பெரிய பீரோ என்று தெளிவாக்க 'தி ஓல்டு பிக் ஒன்?' என்று மாணவர் திருப்பிக் கேட்கலாம். வயது அளவுக்கு முன்னே வந்துவிட்டது, ஆனாலும் பிழையில்லை. 'பிக்' ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்டதால் அது பெயரோடு ஒட்டிக்கொண்டது. புதிதாகப் பிரித்துக் காட்டும் 'ஓல்டு' முன்னே வந்தது. அப்படிச் சொல்லும்போது 'ஓல்டு' என்ற சொல்லில் குரல் அழுந்த வேண்டும். அழுத்தாமல் ஒரே சீராகச் சொன்னால், அது மறுபடியும் முதலில் எழுதிக்கொண்டு வந்த விளம்பரத்தைப் போலவே கேட்கும்.